ஒன்பதாவது புள்ளி

காக்கா என்று நான் கூப்பிடும் என் அண்ணனுக்குப் பாரிசவாதம் வந்து மூன்று மாதமாகியும் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. ஓதல் மட்டும் வந்தது. கதிரையில் இருந்தபடி தொழும்போது அல்ஹம்து சூறாவைத் தொடங்கினால் ஓர் எழுத்துப் பிசகாமல் ஓதி முடிப்பார். தொழுது முடித்து ஸலாம் கொடுத்த பிறகு அதே வாய் பூட்டிக்கொள்ளும். தண்ணீர் வேண்டுமென்றால் கூசாவைக் காட்டுவார். கூசா கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தால் என்ன காட்டுவது என்று தெரியாமல் தன் மனைவியான என் மச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"மனப்பாடமாக இருப்பது மூளையில் வேறொரு இடத்தில் இருக்கும். சொல்லைத் தேடி எடுக்கிற இடத்தில்தான் அடி விழுந்திருக்கிறது" என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். நாம் கதைப்பது எல்லாம் அவருக்கு விளங்கும், எழுத்து வருமா என்பதைப் பழகிப் பார்த்துத்தான் சொல்லலாம் என்றும் சொன்னார். வலக்கை முற்றாக விழுந்திருந்தது. இடக்கை நன்றாக இருந்தது.

நான் கல்முனையில் ஒரு பாடசாலையில் கணினி படிப்பிக்கிறேன். பாடசாலை விட்டதும் லுஹர் தொழுதுவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மருதமுனைக்குப் போவது அந்த நாட்களில் வழக்கமாகிவிட்டது. காக்கா கலியாணம் முடித்துப் போன வீடு அது. மச்சி தறி போடுகிறவர். வீட்டின் பக்கவாட்டில் இறக்கிய பத்தியில் தறி நின்றது. காக்கா விழுந்த நாளிலிருந்து அதில் பாதி நெய்த சாரன் அப்படியே கிடந்தது. மச்சிக்கு அந்தப் பக்கம் போகக்கூட நேரமில்லை.

ஒரு நாள் நான் போனபோது மச்சி வாசலிலேயே நின்றார்.

"புள்ள, உங்கட காக்கா இண்டைக்கும் சோத்துப் பீங்கானத் தள்ளிப் போட்டாரு. என்ன வேணுமெண்டு கேட்டா ஒண்டும் வெளங்கல்ல. மீன் வேணாமா எண்டா தலைய ஆட்டுறாரு. கோழி வேணுமா எண்டாலும் அதே ஆட்டுத்தான். எனக்கு ஏலாமப் போயிட்டு."

கட்டாரில் இருக்கும் அவர்களின் மகள் ஒரு டெப்லட் அனுப்பியிருந்தாள். படத்தைத் தொட்டால் அது பேசும். நான் அதைக் காக்காவின் மடியில் வைத்தேன். கட்டில், குளியலறை, கோப்பை என்று வரிசையாகப் படங்கள். ஒன்றைத் தொட்டார். ஒரு பெண்குரல் இந்தியத் தமிழில், "எனக்குத் தாகமாக இருக்கிறது" என்றது. காக்கா அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். முகம் சிவந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயது மனிதர். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படம் வரைந்து ஓய்வு பெற்றவர். சின்னப்பிள்ளைப் படத்தைத் தொட்டுத் தண்ணீர் கேட்க வேண்டியிருப்பதை அவர் எப்படித் தாங்குவார்?

டெப்லட்டை எடுத்து மேசையில் வைத்தபோதுதான் அவருடைய இடக்கையைக் கவனித்தேன். மேசை விளிம்பில் விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. நடுக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். நடுக்கத்துக்கு இவ்வளவு ஒழுங்கு இருக்காது. இரண்டு விரல் மேலே போகும், கீழே வரும், பக்கத்து வரிசைக்குத் தாவும். அந்த இடங்கள் எனக்குத் தெரிந்த இடங்கள். கொம்பு, அரவு, விசிறி, புள்ளி.

அதைச் சொல்ல, நான் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

எங்களுக்கு இருபது வயதை ஒட்டி இருந்த காலத்தில் வாப்பாவின் வீட்டு முன் விறாந்தையில் நானும் காக்காவும் கணினி வகுப்பு நடத்தினோம். காக்கா என்னைவிட ஒன்றரை வயதுதான் மூப்பு. எங்களிடம் மூன்று கணினிகள் இருந்தன. ஒன்று சவூதியிலிருந்து மாமா கொண்டுவந்தது, ஒன்று கொழும்பில் ஒரு கந்தோரில் கழித்துவிட்டது, மூன்றாவது எப்படி வந்ததென்று இப்போது ஞாபகமில்லை. மூன்றுக்கும் உள்ளே இருந்த கிராபிக்ஸ் கார்ட்கள் மூன்று விதம். ஒன்றின் திரையில் தேன் நிறத்தில் மட்டும்தான் எழுத்து வரும். ஒன்றில் நாலு நிறம் வரும், ஆனால் புள்ளிகள் பெரிது. மற்றது பரவாயில்லை.

ஆங்கில எழுத்தைக் கணினி தானாகவே காட்டும். தமிழ் எழுத்தைப் புள்ளி புள்ளியாக நாமே வரைய வேண்டும். காக்கா தமிழ் எழுத ஒரு நிரல் எழுதினார். ஒவ்வொரு கார்டும் புள்ளிகளைத் தன் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும் முறை வேறு. ஆகவே அதே 'அ'வை மூன்று கார்டுக்கும் மூன்று விதமாக விளங்கப்படுத்த மூன்று டிரைவர் எழுதினோம். இரண்டு காக்கா எழுதினார், ஒன்று நான். கரண்ட் இருக்கிற நேரத்தில் எழுதுவோம். ஊரடங்கு போட்டால் வகுப்பு இல்லை, அன்றைக்கு முழுநாளும் எங்களுக்குத்தான். மூன்று திரையிலும் ஒரே நேரத்தில் 'அஸ்ஸலாமு அலைக்கும்' தமிழில் வந்த அன்று, காக்கா எழுந்து விறாந்தையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து மறுபடி இருந்தார். அவர் அப்படித்தான், அப்போதும் அதிகம் கதைக்க மாட்டார்.

அந்தக் காலத்து விசைப்பலகையில் எஃப் விசைகள் பத்தும் மேலே இல்லை. இடப்பக்கம் இரண்டு வரிசையாக இருந்தன. காக்கா அவற்றுக்கு எழுத்தோடு ஒட்டும் குறிகளான அரவு, கொம்பு, விசிறி, புள்ளி எல்லாவற்றையும் கொடுத்தார். வலக்கை எழுத்தைத் தட்டும்போது இடக்கை அதற்குக் கொம்பு போடும். மருதமுனை மேசை விளிம்பில் அந்த இடக்கைதான் தட்டிக்கொண்டிருந்தது.

பிறகு காக்காவுக்கு வேலை கிடைத்தது. கலியாணம் முடித்து மருதமுனைக்குப் போனார். வகுப்பு நின்றது. வாப்பாவின் வீடு எனக்குச் சீதனமாக வந்தபோது கணினிகளும் எனக்கே மிஞ்சின. இரண்டு உப்புக் காற்றில் உக்கிப் போயின. தேன் நிறத் திரைக்காரன் மட்டும் ஒரு பெட்சீட்டால் மூடி அலுமாரிக்கு மேலே இருந்தது. காக்காவும் நானும் பெருநாளைக்குச் சந்திப்போம், வருத்தம் சுகம் விசாரிப்போம். அவ்வளவுதான். ஒரே மேசையில் இருந்து வேலை செய்தவர்கள் என்பது எங்களுக்கே மறந்து போயிருந்தது.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் அலுமாரிக்கு மேலிருந்து அதை இறக்கினேன். தூசி தட்டி, துரு சுரண்டி, இணைப்புகளை எல்லாம் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். மூன்றாம் தரம் போட்டபோது விசிறி சுற்றியது, 'பீப்' என்று ஒரு சத்தம் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஃப்ளொப்பியும் இழுத்து இழுத்து வாசித்தது. ஆனால் திரை செத்துப் போயிருந்தது. அந்தத் திரைக்கான கார்டில் இன்றைய மொனிட்டர் எதையும் கொழுவ முடியாது.

புதிய மடிக்கணினியில் பழைய நிரலை ஓட்ட வழியிருக்கிறது, அது எனக்குத் தெரியும். ஆனால் அதில் இடப்பக்க விசைகள் இல்லை. அந்தப் பழைய விசைப்பலகை வேறு கணினியோடு ஒத்துப்போகாது, அதன் பாஷை வேறு. அந்தக் கை அந்த விசைப்பலகையைத்தான் தேடியது. ஆகவே கணினி அதுவாகவே இருக்க வேண்டும், கார்டை மட்டும் மாற்ற வேண்டும். அந்த இயந்திரத்தில் பொருந்துகிற, இன்றைய மொனிட்டரும் கொழுவக்கூடிய பழைய விஜிஏ கார்ட் ஒன்று தேவைப்பட்டது.

எங்கள் வகுப்பில் படித்த ஒருவர் சொறிக்கல்முனையில் வயல் செய்கிறார். அவரிடம் அந்தக் காலத்துக் கணினி ஒன்று இருந்தது நினைவுக்கு வந்து போன் எடுத்தேன்.

"ஓம் டீச்சர், கிடக்கு. நெல்லுச் சாக்குக்குப் பின்னால கிடக்கு. ஓடாது."

"ஓட வேணாம். உள்ளுக்கு இரிக்கிற ஒரு கார்ட்தான் வேணும்."

"ஆருக்கு?"

சொன்னேன்.

"சேருக்கா? சேருக்கு வாய் பேசேலாமப் போயிட்டா? நீங்க வரவேணாம் டீச்சர், நான் கொண்டாறன்."

அடுத்த நாள் முழுக் கணினியையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். அதற்குள் எலி கூடு வைத்திருந்தது. கார்ட் மட்டும் நன்றாக இருந்தது.

எல்லாவற்றையும் ஓட்டோவில் ஏற்றி மருதமுனைக்குக் கொண்டுபோனேன். காக்காவின் கதிரைக்கு முன்னால் மேசை போட்டு, என் வீட்டு மொனிட்டரைக் கொழுவி, பழைய விசைப்பலகையை வைத்தேன். காக்கா விசைப்பலகையைப் பார்த்தார். இடக்கையை நீட்டி அதன் மேல் வைத்தார். அழுத்தவில்லை. சும்மா வைத்துக்கொண்டிருந்தார்.

நிரலைப் போட்டேன். திரை கறுப்பாகவே இருந்தது.

"என்ன புள்ள, வேலை செய்யல்லையா?" என்றார் மச்சி.

"வேலை செய்யிது மச்சி. பழைய கார்டுக்குத்தான் படம் அனுப்புது. புதுக் கார்டுக்கு டிரைவர் எழுதோணும்."

"டிரைவரா? எந்த வாகனத்துக்கு?"

"வாகனத்துக்கில்ல. நிரல் ஒண்டு சொல்லும், கார்டுக்கு அந்தப் பாஷை வெளங்காது. நடுவுல நிண்டு இங்க சொல்றத அங்க வெளங்குற மாதிரிச் சொல்றதுக்கு ஒண்டு வேணும். அதுதான் டிரைவர்."

மச்சி காக்காவைப் பார்த்தார். "அப்ப உங்கட காக்காவுக்கும் ஒண்டு எழுதுங்களன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் உடனே எழுந்து குசினிக்குப் போய்விட்டார்.

பழைய டிரைவரை நாங்கள் கடதாசியில் அச்சிட்டு வைத்திருந்த கோவை என்னிடம் இருந்தது. நடுப் பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது. மிஞ்சியதை வைத்து, தெரியாததை ஊகித்து, அந்தக் கணினியிலேயே இருந்து எழுதினேன். பின்னேரங்களில் வந்து எழுதுவேன், அஸர் தொழுகைக்கு எழும்புவேன். காக்கா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாம் நாள் திரையில் முதல் தடவையாக ஏதோ வந்தது. 'அ' வரவில்லை. ஒரு 'அ' இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக நாலு குள்ள 'அ'க்கள், ஒவ்வொன்றிலும் பாதிக் கோடுகள் இல்லை.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோளில் ஒரு தட்டு விழுந்தது. காக்கா நாலு விரலை விரித்துக் காட்டினார். பிறகு ஒவ்வொரு விரலாக மடித்தார். சின்ன விரல், அடுத்தது, அடுத்தது, அடுத்தது. மறுபடியும் சின்ன விரலிலிருந்து.

"நாலு பெட்டி" என்றேன். "முதல் வரி முதல் பெட்டியில, ரெண்டாவது ரெண்டாவதுல. அஞ்சாவது வரி திரும்பவும் முதல் பெட்டியில. அதுதானே?"

காக்கா கதிரைக் கையில் பலமாக அடித்தார். ஓம் என்றால் அப்படித்தான் அடிப்பார். பழைய கார்ட் வரிகளை நாலு பெட்டியாகப் பிரித்து வைக்கும்; கறையான் தின்ற பக்கத்தில் இருந்தது அதுதான். முப்பத்தைந்து வருடத்துக்கும் முன்னர் அவர் எழுதியது; அது அவருக்கு ஞாபகம் இருந்தது. மகளின் பெயரைச் சொல்லத்தான் முடியவில்லை.

பெட்டிகளைச் சரிப்படுத்தியதும் எழுத்து ஒன்றாகச் சேர்ந்தது. ஆனால் நசுங்கிக் கிடந்தது. பழைய திரையின் புள்ளிகள் ஒடுங்கி உயரமானவை, புதியதில் சதுரம். போதாததற்கு வரியின் வலது முனை திரைக்கு வெளியே போய்விட்டது. பழையதில் ஒரு வரிக்கு எழுநூற்றிருபது புள்ளி, புதியதில் அறுநூற்று நாற்பது. உயரத்துக்கு வழி இலகு: எட்டு வரியைப் பதினொன்றாக நீட்டினால் சரி. அகலத்துக்கு ஒன்பது புள்ளியை எட்டாகக் குறைக்க வேண்டும். ஒன்பதாவது புள்ளியை எறிந்துவிட்டேன்.

வரி முழுவதும் திரைக்குள் வந்தது. எழுத்துகளும் வடிவாக நிமிர்ந்தன. ஆனால் வாசித்தால் பிழை. சில இடத்தில் அரவின் காலைக் காணவில்லை. சில இடத்தில் மெய்யின் தலையில் இருந்த புள்ளி இல்லை. 'கல்' என்று அடித்தால் 'கல' என்று நின்றது. ஒன்பதாவது இடத்தில் யார் நின்றாலும் அவரை நான் வெளியே போட்டுக்கொண்டிருந்தேன்.

எழுத்துகளின் இடத்தை மாற்றிப் பார்த்தேன். ஒன்று வந்தால் இன்னொன்று போனது. ஒரு கிழமை போய்விட்டது. ஒரு பின்னேரம் மச்சி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தபடி திரைக்குக் கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

"இதென்ன புள்ள, இடைக்கிட இழை விட்டுப் போய்க் கிடக்கு?"

"ஒம்பதுக்கு ஒண்ட நான்தான் எடுக்கிறன் மச்சி. இடம் போதாது."

"எடுத்து எறியிறீங்களா?"

"ஓம்."

"ஏன் எறியிறீங்க? பாவுல ஒரு இழைக்கு இடமில்லாட்டி நாங்க அறுத்து எறியிறல்ல. பக்கத்து இழையோட சேத்து ஒரே கண்ணுல கோத்து விடுவம். கொஞ்சம் தடிப்பாத் தெரியும். தெரிஞ்சா என்ன, இழை இரிக்குமே."

நான் காக்காவைப் பார்த்தேன். காக்கா மச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதிரைக் கையில் அடித்தார். ஒரு தடவை அல்ல, மூன்று நாலு தடவை.

மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒரு கட்டளை. ஒன்பதாவதை எறியாமல் எட்டாவதோடு சேர்த்தேன். இரண்டில் ஒன்றில் புள்ளி இருந்தாலும் புள்ளி இருக்கட்டும். மறுபடி ஓட்டினேன். கால் வந்தது, புள்ளி வந்தது. சில எழுத்துகள் கொஞ்சம் தடிப்பாக நின்றன. 'கல்' 'கல்'லாகவே இருந்தது.

நான் எழுந்து கதிரையை ஒதுக்கி, விசைப்பலகையைக் காக்காவின் இடக்கைப் பக்கம் தள்ளி வைத்தேன்.

"எழுதுங்க காக்கா."

அவர் உடனே எழுதவில்லை. விசைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒரு விரல் எழுத்து விசைக்கு மேலே போய் நின்று, திரும்பி வந்தது. இன்னொரு தடவை போனது. தவறான எழுத்து விழுந்தது, அழித்தார். நெற்றியில் வியர்த்துவிட்டது. மச்சி துடைக்கப் போனார், தலையை விலக்கிக்கொண்டார். முதலில் 'உ' விழுந்தது. வெகுநேரத்துக்குப் பிறகு 'ப'. பிறகு இன்னொரு 'ப'. அதற்குப் பிறகு விரல்கள் யோசிக்கவில்லை. இடப்பக்கம் தாவி உகரக் குறியைப் போட்டன.

'உபபு' என்று திரையில் நின்றது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். காக்காவும் முகத்தைச் சுளித்தார். கடைசி இரண்டையும் அழித்தார். மறுபடி 'ப', இம்முறை அதன் தலையில் புள்ளி. பிறகு 'பு'.

உப்பு.

"உப்பா?" என்றார் மச்சி. "உப்பில்லையெண்டா பீங்கானத் தள்ளிப் போட்ட?"

காக்கா கதிரைக் கையில் ஓங்கி அடித்தார்.

"அல்லாஹ்வே! டொக்டர் உப்புப் போட வேணாமெண்டு சொன்னது உங்களுக்கும் கேட்டதுதானே? நான் என்னமோ ஏதோ எண்டு நினைச்சி, மீனா கோழியா எண்டு தெருத் தெருவா அலைஞ்சி..." சொல்லிக்கொண்டிருக்கும்போதே மச்சிக்குச் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பு அழுகையாக மாறியது, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். காக்கா குனிய முடியாமல் இடக்கையை நீட்டினார். அது மச்சியின் தலையைத் தொட்டது. அந்தக் கை அங்கேயே இருந்தது.

அன்று இரண்டாவதாக அவர் எழுதியது எனக்கு. அரை மணித்தியாலம் எடுத்து 'மெது' என்று எழுதிவிட்டு, திரையைச் சுட்டிக் காட்டினார். எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. ஒன்பதை எட்டாக்கும் கணக்கை ஒவ்வொரு தடவையும் செய்வதால் எழுத்துகள் திரையில் ஊர்ந்து வந்தன. என் டிரைவர் மெதுவாக ஓடுகிறது என்று குறை சொல்கிறார். வகுப்பு நடத்திய காலத்திலும் நான் எழுதியதை இப்படித்தான் ஒற்றைச் சொல்லில் திருப்பித் தருவார், எனக்குக் கோபம் வரும். இந்த முறை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன். அந்தக் கிழமைக்குள் கணக்குகளை முன்கூட்டியே செய்து அட்டவணையாக வைத்து, வேகமாக்கிக் கொடுத்தேன். ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் எழுதவில்லை. காக்காவிடம் அதுதான் பாராட்டு.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கதவு என்று நினைத்துக் 'கடல்' என்று எழுதுவார். எழுதியது பிழை என்று அவருக்கே தெரியும், சரி எது என்று மட்டும் பிடிபடாது. சில நாட்களில் ஒரே எழுத்தை வரி முழுவதும் அடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த நாட்களில் நாங்கள் கணினியை நிறுத்திவிட்டு வெளியே கதிரையைப் போட்டு இருப்போம். ஆனால் சொற்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒரு நாள் மகளின் பெயரைச் சரியாக எழுதினார். மச்சி அதைப் போனில் படம் பிடித்து அனுப்பினார். கட்டாரிலிருந்து வந்த அழைப்பில் வெறும் அழுகைதான் கேட்டது.

மச்சி தறிக்குத் திரும்பினார். காலையில் இரண்டு மணித்தியாலம் நெய்வார். காக்காவுக்கு ஏதாவது தேவையென்றால் விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தினால் கணினி 'பீப்' என்று கூப்பிடும். அதற்கு ஒரு வரி சேர்த்துக் கொடுத்தேன்.

சென்ற மாதம் ஒரு பின்னேரம் போனேன். வீடு அமைதியாக இருந்தது. ஸலாம் சொன்னேன், மச்சி திரும்பாமலே பதில் சொன்னார். இரண்டு பேரும் கணினிக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். மச்சி ஒரு விரலால் தேடித் தேடித் தட்டிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு விசைப்பலகையைக் காக்காவின் பக்கம் தள்ளினார். காக்கா வாசித்தார், தட்டினார், மச்சியின் பக்கம் தள்ளினார்.

"மச்சி, காக்காவுக்குக் காது கேக்குமே. நீங்க ஏன் எழுதுறீங்க?" என்றேன்.

"கேக்கும் புள்ள, தெரியும்." மச்சியின் கண் எழுத்துகளைத் தேடிக்கொண்டிருந்தது. "ஆனா அவரு இப்பிடி ஒவ்வொண்டாத் தட்டுறப்ப நான் மட்டும் கடகடண்டு கதைக்கிறது சரியில்லாத மாதிரி இரிக்கி. அவரு நடந்து வாறப்ப நான் வாகனத்துல போற மாதிரி."

நான் குசினிக்குப் போய் மூன்று பேருக்கும் தேத்தண்ணி ஊற்றினேன். கொண்டுவந்து வைக்கும்போது திரையில் நாலைந்து வரிகள் இருந்தன. காக்கா தோளைச் சரித்து அதை எனக்கு மறைத்துக்கொண்டார். நானும் பார்க்கவில்லை. அஸருக்குப் பாங்கு சொன்னது. அவர்கள் இரண்டு பேரும் எழும்பவில்லை, இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது போல. நான் வுழு எடுக்கக் கிணற்றடிக்குப் போனேன்.